பொங்கல் வரை பொறுக்காத குழாய்

தம்பி,

இன்று காலை எழுந்ததும் அடுப்பு மூட்டவில்லை, உன் அப்பாவுக்குத் தேத்தண்ணீர்கூட வைக்கவில்லை. முதல் வேலையாகக் கந்தகத் திரியைக் கொளுத்திக்கொண்டு ஐஸ் வாடிக்குப் போனேன். நீ வீட்டில் நின்ற நாட்களில் அது உன் வேலையாக இருந்தது. நேற்று உன்னை மாங்குளத்தில் ரெயில் ஏற்றிவிட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது, நாளைக்கு யார் திரி பிடிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். பிள்ளையை வழியனுப்பிவிட்டு வருகிற தாய்க்கு வேறு யோசனை வராதா என்று நீ சிரிப்பாய். வந்தது. முள்ளியவளை தாண்டும்வரை சேலைத் தலைப்பு ஈரமாகத்தான் இருந்தது. அழுகை மிஞ்சும்போலிருந்த நேரமெல்லாம் இந்தத் திரியை நினைத்துக்கொண்டேன். கைக்கு ஒரு வேலை இருக்கிறது என்ற நினைப்பு பெரிய ஆறுதல்.

இந்தக் கடிதத்தை உன்னோடு வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு. அவர்களும் உன்னைப்போலக் குழாய்களையும் தாங்கிகளையும் பழுதில்லாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத்தானே வந்திருக்கிறார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுதுகிறேன். முல்லைத்தீவுக் கடற்கரையில் எங்களுக்கு ஒரு சிறிய ஐஸ் தொழிற்சாலை இருக்கிறது. ஊரவர்கள் அதை ஐஸ் வாடி என்பார்கள். மீன் கொழும்புக்குப் போக ஐஸ் வேண்டும், ஐஸ் உறைய அமோனியா வேண்டும். அந்த வாயு குழாய்களுக்குள்ளேயே சுற்றி, உப்புத் தண்ணீர்த் தொட்டியைக் குளிரவைத்துவிட்டு மறுபடியும் மிசினுக்கு வருகிறது. உள்ளே ஓடும்வரை அது ஒரு தொல்லையும் தராது. வெளியே வந்தால் கண்ணையும் தொண்டையையும் சுட்டுவிடும். கசியும் இடம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எரியும் கந்தகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனால், அந்த இடத்தில் மட்டும் புகை பால்போல வெளுக்கும். அவ்வளவுதான் எங்கள் சோதனை.

இன்று காலை புகை வெளுத்தது. எந்த இடம் என்று நான் சொல்லாமலே உனக்குத் தெரியும். தொட்டி அறையிலிருந்து மிசின் அறைக்குப் போகும் தக்கை சுற்றிய குழாய், நடுவில் மீன் தரம் பிரிக்கும் பெண்களின் கொட்டிலுக்குள்ளால் போகிறதல்லவா, அங்கே சுவரோரம் கீழ்நோக்கி வளையும் வளைவு. ரெயில் புறப்படும்போது சன்னலுக்குள்ளிருந்து நீ கடைசியாகச் சொன்னது, "அம்மா, வளைவை மறக்காதைங்கோ" என்பதுதான். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளை தாயிடம் சொல்லிப் போகிற வார்த்தையா இது என்று நினைத்திருப்பார். நான் மறக்கவில்லை. திரியை இரண்டாம் முறையும் காட்டினேன். வளைவின் கீழ்ப்பக்கத்தில், தக்கையின் தார் வெடித்திருந்த இடத்தில், மெல்லிய வெள்ளை நூல்போல ஒன்று எழுந்து கலைந்தது.

வீட்டுக்கு வந்தேன். அப்பா முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார்.

"இஞ்சாருங்கோ, கொட்டில் வளைவில புகை வெளுக்குது."

"கனக்கவோ?"

"கொஞ்சம். கீழ்ப்பக்கமா."

"கொஞ்சம்தானே. நீர் ஏன் உப்பிடிப் பதகளிக்கிறீர்? பொங்கல் கிட்டுது. பொங்கலுக்குப் பாப்பம்."

சொல்லிவிட்டு இருமினார். அந்த இருமல் எங்கிருந்து வந்தது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தும் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் வைத்தேன்.

"பொங்கலுக்குப் பார்ப்போம்" என்பது எங்கள் ஐஸ் வாடியின் சட்டம். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இது விளங்காது. நாங்கள் சொல்வது தைப்பொங்கலை அல்ல, வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் பொங்கலை. சோளகக் காற்றுத் தொடங்கினால் எங்கள் கடலில் கரைவலைக் காலம். மீன் வந்துகொண்டே இருக்கும், மிசின் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் அம்மன் பொங்கலை ஒட்டிய நாட்களில் மட்டும் சனம் மீன், இறைச்சி என்று மச்சம் முழுவதையும் விட்டுவிடும். வீடுகளில் மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். மீன் வாங்க ஆளில்லாதபோது ஐஸ் வாங்கவும் ஆளில்லை. ஆகவே மிசின் ஓய்வது அப்போதுதான். அதனால் வருடம் முழுவதும் கண்ட குறைகளையெல்லாம் அந்த நாட்களுக்கென்று ஒதுக்கிவைப்போம். வால்வு கசிகிறதா, பொங்கலுக்குப் பார்ப்போம். தக்கை உரிந்திருக்கிறதா, பொங்கலுக்குப் பார்ப்போம். பொங்கல் வந்தால் என்ன நடக்கும்? வேலை செய்யவேண்டியவர்கள் எல்லோரும் கோயிலுக்குப் போய்விடுவார்கள். காவடி, தூக்குக்காவடி, பால்செம்பு என்று ஆளுக்கொரு நேர்த்தி. நாங்களும் போவோம். வருடத்தில் ஒரேயொரு தரம் மிசின் நிற்கும் நேரமும், அதைத் திருத்த ஆளில்லாத நேரமும் ஒன்றாகவே வரும்படி வைத்துக்கொண்ட புத்திசாலிகள் நாங்கள். பல வருடம் இதை யாரும் யோசிக்கவில்லை. படித்தவள் என்று பெயரெடுத்த, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த, ஊரே ரீச்சர் என்று கூப்பிடும் நானும் யோசிக்கவில்லை.

நீ சின்ன வகுப்பில் படித்த வருடம் ஒன்று. பூமணிச் சின்னம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு நிற்க வந்தாள். என் தங்கை என்பதால் சொல்லவில்லை, அவளைப்போல ஒளிவுமறைவில்லாத மனுசி எங்கள் குடும்பத்தில் இல்லை. வந்து பெட்டியை வைக்கமுன்னமே கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள்.

"என்னக்கா மணம் இது? கண்ணெல்லாம் கரிக்குது."

"கடற்கரை எண்டா மீன் மணக்கும் பூமணி. உன்ர யாழ்ப்பாணத்து மூக்குக்குப் பிடிக்காதுதான்."

"மீன் மணம் எனக்குத் தெரியாதோ? நான் என்ன ஆகாயத்திலயோ வளந்தனான்? இது வேற. ஆய்வுகூடத்தில போத்தல் திறந்த மாதிரிக் கிடக்கு."

அப்பா உள்ளேயிருந்து, "பூமணியின்ர மூக்குக்குள்ள பொலிஸ் ஸ்ரேசன் வைச்சிருக்கினம்போல" என்றார். எல்லோரும் சிரித்தோம். பூமணி சிரிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் கோபம். கலியாணம் செய்து கடற்கரைக்கு வந்துவிட்டேன் என்று இவள் என்னை இளப்பமாகப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன். அவள் நினைத்து வந்ததற்கு முன்பே ஊருக்குத் திரும்பிவிட்டாள். அமோனியாவின் குணங்களைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பாடமாக்கச் சொல்லி, பரீட்சையும் வைத்தவள் நான். அதன் மணத்துக்குள்ளேயே இருந்துகொண்டு எனக்கு அது மணக்கவில்லை. மூக்கு அப்படித்தான். ஒரு மணத்துக்குள் போதிய நாள் இருந்தால், அது வீட்டு மணமாகிவிடும்.

அந்த வருடம் மிசின் அறையில் ஒரு வால்வின் கழுத்து கசிந்துகொண்டிருந்தது. அதற்குள் சுற்றியிருக்கும் அடைகயிறு தேய்ந்துபோனது. பொங்கலுக்கென்று வைத்திருந்தோம். பொங்கலும் வந்தது. நாங்கள் எல்லோரும் வற்றாப்பளைக்குப் போனோம். வாடியில் நின்றது மிசின்காரர் மரியதாஸ் மட்டும். அவர் வேதக்காரர், அம்மன் கோயிலுக்குப் போகாத கிறிஸ்தவர் என்பதால் ஐந்து பேருடைய வேலையும் அவர் தலையில் விழுந்தது. மனிதர் தன்னால் முடிந்ததைச் செய்தார். கழுத்தை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். பிறகு நாங்கள் திரும்பி வரும்போது பார்க்க வடிவாக இருக்கட்டுமென்று வால்வு முழுவதற்கும் பச்சைப் பெயின்ற் அடித்து வைத்தார். அப்பா பார்த்து, "புது மிசின் மாதிரி இருக்கு" என்று சந்தோசப்பட்டார். நானும் சந்தோசப்பட்டேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள் முற்பகல் அந்தக் கழுத்து பிய்த்துக்கொண்டது. நான் பள்ளிக்கூடத்தில் நின்றேன். பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தது என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஓடிப் போனபோது வாடியின் கதவாலும் சன்னலாலும் வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. அப்பா சாக்கொன்றைத் தண்ணீரில் தோய்த்து முகத்தில் சுற்றிக்கொண்டு, தரையோடு தரையாகத் தவழ்ந்து உள்ளே போனார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவர் வெளியே வருவதைத்தான் நான் பார்த்தேன். வால்வை மூடிவிட்டுத்தான் வந்தார். அவர் மூடியிராவிட்டால் கொட்டிலில் இருந்த பெண்களில் ஒருவரும் தப்பியிருக்க மாட்டார்கள். தப்பினார்கள். அவர்களில் செபமாலைக்கு மட்டும் ஒரு கண் போனது. கிணற்றடித் தொட்டியில் இருந்த நல்ல தண்ணீர் முழுவதையும் அவள் முகத்தில் ஊற்றினோம், ஒரு கண்ணைத்தான் மீட்க முடிந்தது. அவள் இன்றைக்கும் அதே கொட்டிலில்தான் இருக்கிறாள். யாராவது அனுதாபப்பட்டால், "ஒற்றைக் கண் காணும் ரீச்சர். சூடை எது, சாளை எது எண்டு பாக்கிறதுக்கு ரெண்டு கண் என்னத்துக்கு?" என்பாள்.

மரியதாஸ் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதார். "நான் பெயின்ற் அடிக்காம விட்டிருந்தா ஐயா கண்டிருப்பார் ரீச்சர். கசிஞ்ச கறை தெரிஞ்சிருக்கும். வடிவாக்கிறன் எண்டு மறைச்சுப்போட்டன்." அவர் சொல்லச் சொல்ல, பூமணியின் கைக்குட்டைதான் என் கண்ணுக்குள் நின்றது. அவளுக்கு நடந்ததை எழுதினேன். அவள் "நான் அப்பவே சொன்னனான்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஒரு பார்சல் வந்தது. அதற்குள் கந்தகக் கட்டிகள், அதை உருக்கிப் பழைய வேட்டித் துணியைத் திரித்து அதில் தோய்ப்பது எப்படி, புகையை எப்படிப் பார்ப்பது என்ற விளக்கம். தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் கேட்டுப் பார்த்து அனுப்பியிருந்தாள். கடைசியில், "அக்கா, மூக்கை நம்பாதை, திரியை நம்பு" என்று மட்டும் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விடிகிற ஒவ்வொரு நாளும் அவளுடைய கொடைதான். நன்றி என்ற சொல்லை அவளிடம் நான் இன்னும் சரியாகச் சொல்லவில்லை. கொழும்புக்குப் போகும் வழியில் நீ அவளைப் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். லீவில் வரும்போது முதலில் அவளிடம் போ. என் சார்பில் நீ சொல்லு.

இப்போது உனக்கு நான் சொல்லவேண்டிய நன்றிக்கு வருகிறேன். சென்ற வருடப் பொங்கலுக்கு நீ தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து லீவில் வந்து நின்றாய். நாங்கள் கோயிலுக்குப் போய் வந்தபோது, மரியதாஸும் நீயுமாகத் தொட்டி அறைக் குழாயின் தக்கையை ஓரிடத்தில் உரித்துப் போட்டிருந்தீர்கள். அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குளிர் காக்கும் தக்கையைப் பிய்ப்பது அவருக்குக் கூரையைப் பிய்ப்பதுபோல.

"ஆரைக் கேட்டு உரிச்சனீ?"

"உரிச்சுப் பாக்காம உள்ளுக்க என்ன கிடக்கெண்டு எப்பிடி அப்பா தெரியும்?"

"இவ்வளவு காலமும் தெரியாமத்தானே ஓடினது!"

"அதுதான் அப்பா எனக்குப் பயமாக் கிடக்கு."

நான் இடையில் புகுந்து, "அப்பாவோட வாதாடாதை, உள்ள போ" என்று உன்னைத்தான் அதட்டினேன். நீ போகவில்லை. குனிந்து, குழாயை விரலால் சுரண்டிக் காட்டினாய். வெளியே தாரும் தக்கையும் திடமாக இருந்தன. உள்ளே இரும்பு ஒடியல் பிட்டுப்போல உதிர்ந்தது. குளிர்ந்த குழாயில் வியர்க்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் தக்கைக்குள்ளேயே தங்கி, அப்படித் தின்றிருக்கிறது என்று நீ விளங்கப்படுத்தினாய். காப்பதற்கென்று நாங்கள் சுற்றிய போர்வையே அதை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்பா அந்தத் துகளைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். பிறகு மரியதாஸைப் பார்த்து, "உந்தத் துண்டை வெட்டி மாத்தும்" என்றார். உன்னோடு மட்டும் சில நாட்கள் கதைக்கவில்லை. தொட்டி அறைக் குழாய் புதிதானது. அதே குழாயின் கொட்டில் வளைவையும் மாற்றுவதென்றால் கூரையைக் கழற்றவேண்டும். பொங்கல் நாட்களும் முடிந்துவிட்டன. அதை அடுத்த பொங்கலுக்கென்று விட்டோம். மீண்டும் அதே சொல்.

அன்றைக்கு நீ வாதாடாமல் உள்ளே போயிருந்தால் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்திருப்பாய். தொட்டி அறைக் குழாய் இந்நேரம் வெடித்திருக்கும். தகப்பன் முன் நின்று, குரலை உயர்த்தாமல், கையில் இருந்ததை மட்டும் காட்டினாயே, அதற்கு உனக்கு நன்றி. நான் அதட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாமல் இருந்ததற்கும் நன்றி. உன்னை இந்த வேலைக்கு அனுப்பப் பயமில்லையா என்று பலரும் கேட்டார்கள். எங்கள் வாடியில் ஓடுவதைவிடப் பொல்லாத வாயுக்கள் ஓடும் இடம் அது என்று நீயே சொல்லியிருக்கிறாய். பயம்தான். ஆனால் உன்னைப்போல உரித்துப் பார்க்கிறவர்கள் அங்கே இல்லாவிட்டால் எனக்கு அதைவிடப் பயம். அங்கேயும் குழாய்க்குக் கீழே யாரோ ஒரு செபமாலை இருப்பாள்.

அறிவுரை சொல்லாத தாய் இல்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள். நீ புது இடத்துக்குப் போகிறாய். முதல் சில மாதம் உன் மூக்கு புதிது, கண் புதிது, காது புதிது. மற்றவர்கள் "இது எப்பவும் இப்பிடித்தான்" என்று சொல்வதெல்லாம் உனக்கு விசித்திரமாகத் தெரியும். அந்த நாட்களை வீணாக்காதே. தெரிவதைச் சொல். ஆனால் பூமணியைப்போலச் சொல், கேலி செய்தாலும் திரும்பக் கேலி செய்யாதே. வந்தவுடன் குறை சொல்கிறவனை யாருக்கும் பிடிக்காது. நானே என் கூடப்பிறந்தவளைப் பிடிக்காமல் அனுப்பியவள். பிறகு ஒருநாள் உனக்கும் எல்லாம் பழகிவிடும். அது உன் பிழையாக இருக்காது, மூக்கின் இயல்பு. அப்போது புதிதாக வருகிறவனைக் கூப்பிட்டு, "தம்பி, இஞ்ச என்ன மணக்குது?" என்று கேள். அவன் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதே.

இன்னொன்று. புதுப் பெயின்ற் அடித்திருக்கும் இடத்தை இரண்டு தரம் பார். அழகாக இருக்கிறதே என்று நீ கடந்துபோகிற இடத்தில், யாரோ ஒரு நல்ல மனிதர் நல்ல எண்ணத்தோடு எதையோ மறைத்திருக்கலாம். மத்தியானச் சாப்பாட்டை அலுவலக மேசையில் வைத்துத் தின்னாதே. குழாய்க்குக் கீழே வேலை செய்கிறவர்களோடு இருந்து சாப்பிடு. அவர்களிடம் கேட்டறியச் சொல்லவில்லை, நீயும் அந்தக் குழாய்க்குக் கீழே இருந்து பார்க்கவேண்டுமென்று சொல்கிறேன். மேலே அண்ணாந்து பார்க்கிற பழக்கம் கீழே இருக்கிறவனுக்குத்தான் வரும். "கொஞ்சம்தானே" என்று யாராவது சொன்னால், எவ்வளவு ஆனால் கனக்க என்று சொல்வார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள். முன்கூட்டிக் கேட்காவிட்டால் அந்தக் கனக்க ஒருநாளும் வராது, ஒவ்வொரு நாளும் கொஞ்சமாகவே இருக்கும்.

அப்பாவைப்பற்றி நீ தவறாக நினைக்கக்கூடாது என்பதற்காகவும் இதை எழுதுகிறேன். தவழ்ந்து உள்ளே போய் வால்வை மூடிய அதே மனிதர்தான் இன்று காலை "பொங்கலுக்குப் பாப்பம்" என்றார். நான் தேத்தண்ணீரோடு திரும்பி வந்து மறுபடி கேட்டபோது அவர் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இப்பதான் சூடை விழுகுது. வலைக்காரச் சனம் ஒரு வருசமாப் பாத்துக்கொண்டிருந்த மீன். இண்டைக்கு நான் மிசினை நிப்பாட்டினா அதுகள் என்ன செய்யும்? மீனை மண்ணுக்க புதைக்கிறதோ? நீரே சொல்லும்." அவர் தன் லாபத்தை நினைத்துச் சொல்லவில்லை, ஊரை நினைத்துத்தான் சொன்னார். தப்பான முடிவுகளை எல்லாம் கெட்டவர்கள்தான் எடுப்பார்கள் என்று நினைத்தால் உன் வேலையில் நீ தோற்றுப்போவாய். ஆபத்து வந்துவிட்டால் உயிரைக் கொடுக்கத் தயங்காத மனிதருக்கு, ஆபத்து வரமுன்னம் ஒரு கிழமை மிசினை நிறுத்துவது கஷ்டமாக இருக்கிறது. முதலாவதைச் செய்ய அவர் யாரிடமும் ஒன்றும் விளக்கவேண்டியதில்லை. இரண்டாவதைச் செய்தால் கடற்கரை முழுவதற்கும் பதில் சொல்லவேண்டும். அதுதான் வித்தியாசம். அவருடைய இருமலைக் கேட்டுக்கொண்டுதான் இத்தனை வருடம் விடிந்திருக்கிறது. அவர் உயிரோடு வெளியே வந்தார் என்பதற்கு அது அடையாளம், அதற்கு நான் ஒவ்வொரு நாளும் அம்மனுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் என் மூக்குப் பழகியதுபோல என் காதும் பழகிவிடக்கூடாது என்றும் வேண்டிக்கொள்கிறேன்.

தேத்தண்ணீர் குடித்த கையோடு மீண்டும் வாடிக்குப் போனேன். பெண்கள் வந்துவிட்டார்கள். "வெளியில வேப்பமரத்துக்குக் கீழ இருங்கோவன், காத்து வருது" என்று சொல்லி எல்லோரையும் எழுப்பி அனுப்பினேன். செபமாலை, "ரீச்சருக்கு மகன் போன துக்கத்தில எங்களை விரட்டோணும்போலக் கிடக்கு" என்றாள். சிரித்துக்கொண்டே போனார்கள். மத்தியானம் போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் கொட்டிலுக்குள். ஏன் என்று கேட்டேன். "வெளியில வெயில் கொளுத்துது ரீச்சர். மீனும் வாடுது, நாங்களும் வாடுறம். இஞ்சதானே குளிர்" என்றாள் ஒருத்தி. உண்மை. அந்தக் குழாய் ஓடுவதால்தான் அந்தக் கொட்டில் முல்லைத்தீவிலேயே குளிர்ந்த இடம். அதன் அடியில்தான் அவர்கள் பாய் விரிப்பார்கள், அதன் அடியில்தான் பிள்ளையைக் கிடத்துவார்கள். எத்தனை தரம் எழுப்பினாலும் திரும்பி அங்கேதான் வருவார்கள். ஆட்களை விலக்கி வைத்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை இது. குழாயைத்தான் நிறுத்தவேண்டும்.

வரும் வழியில் லொறிக்காரக் காசிம் காக்கா நின்றார். சும்மா கதைப்பதுபோல, "காக்கா, ஒரு கிழமைக்கு ஐஸ் இல்லையெண்டா மீனை என்ன செய்வியள்?" என்று கேட்டேன். "உப்பு இருக்குத்தானே ரீச்சர். சூடையைக் கருவாடு போட்டாலும் விக்கும். கொஞ்சம் குறையத்தான் போகும், ஆனா ஒண்டும் மண்ணுக்க போகாது. ஏன், மிசினில ஏதும் பிழையோ?" "இல்லை, சும்மா கேட்டனான்." அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். அப்பாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பதிலை நான் வாயால் சொன்னால், அவரும் வாயால் ஒரு பதில் சொல்வார், பொங்கல் வந்துவிடும். நீ சென்ற வருடம் செய்ததைத்தான் நானும் செய்யவேண்டும். கதையைக் குறைத்து, இருப்பதைக் காட்டவேண்டும்.

நான் செய்யப் போவதை இங்கே இன்னும் ஒருவரும் அறியவில்லை. நாளைக் காலை திரி பிடித்து முடிந்ததும் நான் வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை. பெண்களை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, செபமாலையின் பலகையில், அந்த வளைவுக்கு நேர் கீழே, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தப் போகிறேன். சூடையையும் சாளையையும் பிரிக்கத் தெரியாமல் ஊரெல்லாம் சிரிக்கும்படி இருக்கப் போகிறேன். ரீச்சர் மீன் கொட்டிலில் இருக்கிறா என்ற செய்தி அப்பாவின் காதுக்குப் போக அதிக நேரமெடுக்காது. அவர் இருமிக்கொண்டு வருவார். என்னைப் பார்ப்பார். பிறகு, இத்தனை வருடத்தில் முதன்முறையாக, நான் இருக்கிற இடத்துக்கு மேலே அண்ணாந்து பார்ப்பார்.

"எழும்பும், அதுக்குக் கீழ இருக்காதையும்" என்பார்.

"மிசினை நிப்பாட்டுங்கோ, எழும்புறன்" என்பேன்.

அம்மா